இருவர் கயாக்கில் தனியாள்: எங்கே உட்காருவது, எடையை எங்கே வைப்பது

இருவர் அமர்ந்து துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கை ஒருவரே எடுத்துச் செல்ல நேர்வது அரிதன்று. துணைக்கு வருவதாகச் சொன்னவர் விடியற்காலை ஐந்தரை மணிக்கு 'இன்று முடியாது' என்று செய்தி அனுப்புவார். வாடகைக்குக் கொடுக்குமிடத்தில் ஒற்றையாள் கயாக்குகள் எல்லாம் ஏற்கெனவே நீரில் இறங்கியிருக்கும். அல்லது குடும்பத்தோடு போகலாம் என்று வாங்கிய பெரிய கயாக், பிள்ளைகளுக்குத் தேர்வுக்காலம் வந்ததும், வாங்கியவர் ஒருவருக்கே உரியதாகிவிடும். இப்படிக் கரையில் தனியாக நிற்பவர் மனத்தில் எழும் முதற்கேள்வி, 'ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிடுமோ?' என்பதே.

அந்த அச்சம் தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருவர் கயாக்குகள், குறிப்பாக மேற்தளத்தில் உட்காரும் வகையைச் சேர்ந்தவை, பெரும்பாலும் 80 முதல் 90 சென்டிமீட்டர் அகலம் கொண்டவை. இரண்டு பெரியவர்களின் எடையையும் அசைவையும் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. அமைதியான நீரில் ஒருவர் மட்டும் நடுக்கோட்டில் உட்கார்ந்திருக்கையில் அவை இடவலமாகக் கவிழ்வது எளிதன்று. சிக்கல் இருப்பது நீளவாக்கில். அணியம் எவ்வளவு தூக்குகிறது, அமரம் எவ்வளவு அமிழ்கிறது என்பதுதான் தனியாளின் பயணம் இனிதாக அமையுமா, தோள் கழன்றுபோகும் போராட்டமாக முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. கலத்தின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் நம் கடற்கரையில் சொல்வார்கள்; இக்கட்டுரையிலும் அச்சொற்களையே ஆள்கிறேன்.

பின்னிருக்கையில் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது

இருவர் கயாக்கில் திசையைத் திருத்தும் பொறுப்பு வழக்கமாகப் பின்னால் இருப்பவருடையது. சுக்கான் பொருத்திய கயாக்குகளில் அதன் மிதிகளும் பெரும்பாலும் பின்னிருக்கையின் காலடியில்தான் இருக்கும். ஆகவே தனியாகப் போகிறவரும் இயல்பாகவே பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தவுடன் அமரம் தாழ்ந்து அணியம் நீரைவிட்டு எழுகிறது. இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளம் குறைகிறது, 3.7 மீட்டர் நீளமுள்ள கலம் அதைவிடக் குட்டையான கலத்தைப் போல நடந்துகொள்கிறது, தாழ்ந்த பின்பகுதி நீரை இழுத்துக்கொண்டே வருவதால் வேகமும் குறைகிறது. இரண்டாவது கேடு காற்று வீசும்போதுதான் தெரியும். நீருக்குள் ஊன்றி நிற்கும் அமரம் ஓர் ஆணியைப் போல நிலைத்துவிட, வெளியே எழுந்து நிற்கும் அணியம் பாயைப் போலக் காற்றை வாங்கிக்கொள்கிறது. கலம் அந்த ஆணியைச் சுற்றித் திரும்பி, காற்று போகும் பக்கமே முகம் காட்டும். காற்றை எதிர்த்துத் திரும்ப நினைப்பவர் ஒரே பக்கம் பத்துப் பதினைந்து முறை துடுப்பிட்டாலும் அணியம் பாதிவழி வந்து மீண்டும் விலகிவிடும்.

முன்னிருக்கையில் உட்கார்ந்தால் இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது. அணியம் அமிழ்ந்து ஊன்றிக்கொள்ள, இலேசான அமரம் காற்றில் ஒதுங்குகிறது; கலம் விடாப்பிடியாகக் காற்றின் முகத்தை நோக்கித் திரும்புகிறது. நேர்கோட்டில் செல்வதற்கே அது இடம் கொடாது. சற்று வளைந்தவுடன் பின்பகுதி வழுக்கிக்கொண்டு மேலும் வளையும். பின்னாலிருந்து அலை வந்தால் அணியம் முன்னலைக்குள் புதைந்து, கலம் பக்கவாட்டில் புரண்டு திரும்பவும் கூடும். இரண்டு தவறுகளுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், அமைதியான நீரில் பின்னிருக்கையே மேல் என்பேன். ஆனால் அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

முதற்படி: உட்காருமிடத்தை முடிவு செய்தல்

கேன், கயிறு, துடுப்பு இவற்றையெல்லாம் பற்றி எண்ணுவதற்கு முன்னர், உங்கள் உடலை நடுவுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியும் என்று பாருங்கள். கலத்தில் இருக்கும் மிகப் பெரிய எடை நீங்கள்தான். அதை அரை மீட்டர் நகர்த்துவது, முப்பது கிலோ சுமையை எங்கோ ஓரத்தில் கொண்டுபோய்க் கட்டுவதற்கு நிகராகும்.

மேற்தளத்தில் உட்காரும் சில இருவர் கயாக்குகளில் இரண்டு இருக்கைகளுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் இருக்கைக் குழி வார்க்கப்பட்டிருக்கும். ஓஷன் கயாக் நிறுவனத்தின் மாலிபு டூ இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அந்த நடுக்குழியைக் குழந்தைக்கான இடம் என்று பலர் நினைக்கிறார்கள்; தனியாளுக்கும் உரிய இடம் அதுவே. முதுகுச் சாய்மானத்தைக் கழற்றி நடுக்குழிக்குரிய கொக்கிகளில் மாட்டிக்கொள்ளுங்கள். கொக்கிகள் எங்கே இருக்கின்றன என்பதை நீரில் இறங்கியபின் தேடாமல் வீட்டிலேயே பார்த்துவைத்துவிடுவது நல்லது. நடுவில் உட்கார்ந்ததும் பாதங்கள் எங்கே ஊன்றுகின்றன என்பதையும் கவனியுங்கள். பாதம் ஊன்றாமல் இடுப்பால் துடுப்பைச் செலுத்த முடியாது, வெறும் கைகளால் இழுப்பவர் அரைமணி நேரத்தில் களைத்துப்போவார். பாதப்பள்ளம் எட்டாவிட்டால் நீர்புகாப் பை ஒன்றை அந்த இடத்தில் இறுக்கிக் கட்டி மிதிப்பலகையாக்கிக்கொள்ளலாம்.

காற்றடைத்து மிதக்கவிடும் கயாக்குகளில் இவ்வேலை இன்னும் எளிது. இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 போன்ற 312 சென்டிமீட்டர் நீளக் கலத்தில் இருக்கைகள் தனியே கழன்று வருபவை. முன்னிருக்கையை எடுத்துவிட்டுப் பின்னிருக்கையை நடுவை நோக்கி நகர்த்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். எடுத்த இருக்கையைத் தூக்கி எறியாமல் முன்பக்கம் காலுக்கு அணையாக வைத்துக்கொள்ளலாம். இவ்வகைக் கலங்கள் மிகவும் இலேசானவை என்பதால் அணியம் சற்றே தூக்கினாலும் சருகு போலக் காற்றில் சுழலும். ஆனால் அளவுக்கு மீறி முன்னால் நகர்ந்துவிட்டால், கலத்தின் பின்னடியில் பொருத்தியிருக்கும் சிறகு நீரைவிட்டு மேலே வந்து, நேர்போக்கு முற்றிலும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் அளவுக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

இருக்கைகள் அசைக்க முடியாதவையாக வார்க்கப்பட்டிருந்தால், பின்னிருக்கையில் உட்கார்ந்து முன்பக்கம் எடை வைப்பதே வழி. கனூ எனப்படும் திறந்த படகில் செல்பவர்கள் முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, கலத்தையே திருப்பிப் போட்டுச் செலுத்துவது உண்டு. இரு முனைகளும் ஒரே அச்சாக இருப்பதால் அங்கே அது நடக்கிறது. கயாக்கின் அணியமும் அமரமும் பெரும்பாலும் வேறுவேறு வடிவம் கொண்டவை என்பதால் அந்தத் தந்திரத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

உள்ளே கால் நுழைத்து உட்காரும் இருவர் கயாக்கைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை தேவை. அதில் ஆளில்லாத முன்குழி திறந்தே கிடக்கும். ஓர் அலை ஏறினாலோ கலம் கவிழ்ந்தாலோ அக்குழி வழியாக நீர் நிறைந்துவிடும். கரையிலிருந்து தள்ளி அந்த நீரைத் தனியொருவர் இறைத்து முடிப்பது நடவாத காரியம். குழியை அதற்குரிய மூடியால் இறுக்கி மூட வேண்டும், உள்ளே காற்றுப்பைகளை ஊதித் திணித்து நீருக்கு இடமில்லாமல் செய்ய வேண்டும். இவ்விரண்டும் இல்லாத நிலையில் புதியவர் அவ்வகைக் கலத்தைத் தனியே எடுக்காமலிருப்பதே சரி.

இரண்டாம் படி: எடையைக் கணக்கிடுதல்

ஏற்றப்பலகையில் ஒரு பக்கம் தந்தையும் மறுபக்கம் மகளும் உட்காரும்போது தந்தை நடுவை நோக்கி நகர்ந்துகொள்வார் அல்லவா, அந்தக் கணக்குத்தான் இதுவும். எடையை நடுவிலிருந்து அது இருக்கும் தொலைவால் பெருக்க வேண்டும். 65 கிலோ எடையுள்ளவர் கலத்தின் நடுவிலிருந்து 80 சென்டிமீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்வோம். தொலைவை மீட்டரில் கொண்டு பெருக்கினால் 52 வருகிறது. முன்னிருக்கையின் பாதப்பள்ளம் நடுவிலிருந்து 120 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், அங்கே வைக்கும் 20 கிலோ 24 ஆகிறது, 40 கிலோ 48 ஆகிறது. அதாவது 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று பின்சரிவில் ஏறத்தாழப் பாதியைச் சரிசெய்யும். இரண்டு வைத்தால் கலம் கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். அதே ஆள் நடுவுக்கு நகர்ந்து 30 சென்டிமீட்டர் பின்னால் மட்டும் உட்கார்ந்தால் மொத்தமே 19.5 தான், 15 லிட்டர் கேன் ஒன்றே போதும். முதற்படியில் உட்காருமிடத்தை ஏன் வலியுறுத்தினேன் என்பது இக்கணக்கில் விளங்கும்.

முழு மட்டம் தேவையா என்றால், தேவையில்லை. அமரம் இரண்டொரு சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பது நேர்போக்குக்கு உதவும். ஆகவே கணக்குக்கு வந்த எடையில் முக்கால் பங்கோடு தொடங்கி, நீரில் பார்த்துக் கூட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். கலத்தின் தாங்குதிறனைப் பற்றிக் கவலை வேண்டாம்; அங்கே உட்கார வேண்டிய இன்னொருவரைவிட இந்தச் சுமை குறைவே.

எடைக்குத் தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மணல் மூட்டையும் கல்லும் கரையில் எளிதாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கலம் கவிழ்ந்து நீர் புகுந்த நிலையில் அவை கலத்தைக் கீழே இழுப்பவை, அவிழ்ந்தால் மூழ்கிப்போகிறவை, கல் உருண்டு ஒரு பக்கம் ஒதுங்கினால் கவிழ்வதற்கும் அதுவே காரணமாகிவிடும். தண்ணீர் நிறைந்த கேன் நீருக்குள் விழுந்தால் ஏறத்தாழ எடையற்றதாகிவிடுகிறது. நன்னீர் நிறைத்த கேன் கடல்நீரில் மிதக்கவே செய்யும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் அளப்பதும் எளிது. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, அதை வீட்டிலிருந்து சுமக்க வேண்டியதில்லை என்பது. வெற்றுக் கேனோடு வந்து, கலம் முழங்கால் ஆழத்தில் மிதக்கத் தொடங்கியபின் அங்கேயே மொண்டு நிரப்பிக்கொள்ளலாம். கரைக்குத் திரும்பியதும் கொட்டிவிடலாம். குடிதண்ணீர் கேனை மட்டும் வேறாக அடையாளமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேனை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரம்பிய கேனில் தண்ணீர் அலம்பும். கலம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே உள்ளிருக்கும் நீரும் ஓடிச் சாய்வை மிகுவிக்கும். குறைந்த எடைதான் வேண்டுமென்றால் பெரிய கேனைப் பாதி நிரப்பாமல், சிறிய கேன் இரண்டை முழுதாக நிரப்புங்கள். நீர்புகாப் பையில் தண்ணீர் மொள்வதாக இருந்தால், காற்று முழுவதும் வெளியேறுமாறு பிழிந்து வாயைச் சுருட்டிக் கட்ட வேண்டும். கயாக்கின் அடிவயிற்றுக்குள் மூடி வழியாக நேரே தண்ணீர் ஊற்றிவிடலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். பாதிக் கேனின் அலம்பலையே வேண்டாம் என்கையில், மூன்றரை மீட்டர் நீளத்துக்கு ஓடித் திரியும் நீரை நாமே உள்ளே விடுவதற்கு நியாயமில்லை.

சுமை நடுக்கோட்டின் மேல், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்கட்டும். பட்டையால் இரண்டு இடங்களில் இறுக்கி, ஒரே இழுப்பில் அவிழும் கொக்கியோ முடிச்சோ போடுங்கள். நீளமான கயிற்றைத் தொங்கவிட வேண்டாம்; கவிழ்ந்த நேரத்தில் காலைச் சுற்றுவது அதுதான். இதே காரணத்தால் உங்களைக் கலத்தோடு எவ்விதத்திலும் கட்டிக்கொள்ளாதீர்கள்.

காலியான இருக்கையைப் பயனுள்ள சுமையால் நிரப்பலாம் என்பதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஆஸ்கார் ஸ்பெக் 1932-இல் உல்ம் நகரில் தன்யூப் ஆற்றில் இறங்கி, ஏழாண்டுகள் கழித்து 1939-இல் ஆஸ்திரேலியாவுக்குரிய தோரஸ் நீரிணைத் தீவுகளில் கரையேறினார். வழியில் இந்தியக் கரையையும் இலங்கையையும் ஒட்டிச் சென்றவர் அவர். அவருடைய மடிப்புக் கயாக் இருவருக்கானது, செலுத்தியவர் ஒருவர், மற்றவருக்குரிய இடம் உடைமைகளுக்குப் போனது. நம்முடைய இரண்டு மணி நேரப் பயணத்துக்கும் மதியச் சாப்பாடு, மாற்றுடை, மீன்பிடிப் பெட்டி என்று எதையாவது கொண்டுபோவதாக இருந்தால், அவற்றை முதுகுக்குப் பின்னால் போடும் வழக்கத்தை விட்டு முன்பக்கம் கட்டினாலே கேனில் ஐந்து லிட்டர் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: மட்டம் பார்த்தல்

கரையில் ஒருவர் நின்று பக்கவாட்டிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டினால் அதுவே போதும். தனியாக வந்தவருக்கு அந்த வசதி இல்லை. எனக்குக் கைகொடுக்கும் உபாயம் ஒரு தண்ணீர் பாட்டில். தெளிவான அரை லிட்டர் பாட்டிலில் சிறு காற்றுக்குமிழ் மட்டும் எஞ்சுமாறு தண்ணீர் நிரப்பி, மூடி, இருக்கைக்கு முன்னால் நீளவாக்கில் படுக்கவைத்து ஒட்டிவிடுங்கள். ஆளும் சுமையும் இல்லாமல் கயாக் மிதக்கும்போது உள்ளிருக்கும் காற்றுக்குமிழ் எங்கே நிற்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்தபின் குமிழ் அந்தக் குறியை விட்டு முன்பக்கம் ஓடினால் அணியம் தூக்கியிருக்கிறது. பின்பக்கம் வந்தால் அமரம் தூக்கியிருக்கிறது. கொத்தனாரின் மட்டப்பலகையை நீரில் மிதக்கவிட்டது போலத்தான் இது.

மேற்தளத்தில் உட்காரும் கயாக்கில் வடிதுளைகளும் ஒரு செய்தி சொல்லும். பின்னிருக்கையின் அடியிலிருக்கும் துளை வழியாக நீர் வடியாமல் மேலே ஏறித் தேங்கி நிற்கிறது என்றால், எடை பின்னால் மிகுந்துவிட்டது என்று பொருள். துளைகளுக்கு அடைப்பான் போட்டு ஈரத்தைத் தடுப்பவர்கள் இந்தச் செய்தியை இழந்துவிடுகிறார்கள். மேலேறிய அலைநீர் வடிவதற்கும் வழியில்லாமல் போகிறது.

நான்காம் படி: காற்றோடு கேட்டறிதல்

மட்டம் பார்ப்பது தொடக்கம்தான். கலம் சரியாக இருக்கிறதா என்பதற்கு இறுதிச் சான்று காற்றில்தான் கிடைக்கும். இலேசான காற்று வீசும் நாளில், கரையிலிருந்து இருபது முப்பது மீட்டருக்கு மிகாமல், நின்றால் தலை வெளியே இருக்கும் ஆழத்தில் இதைச் செய்யுங்கள். காற்று உங்கள் தோளின் பக்கவாட்டில் படுமாறு கலத்தை நிறுத்தி, ஐந்தாறு துடுப்பு வலித்து வேகம் எடுத்துக்கொண்டு, துடுப்பை மடியில் வைத்துவிட்டு அணியத்தை மட்டும் பாருங்கள். அது மெல்லக் காற்றின் முகத்தை நோக்கித் திரும்புமானால் எல்லாம் சரியாக இருக்கிறது. கைவிடப்பட்ட கலம் காற்றைப் பார்த்துத் திரும்புவது பாதுகாப்பான குணம். வெடுக்கென்று திரும்பினால் முன்பக்கம் எடை மிகுதி. கேனை ஒரு சாண் பின்னே நகர்த்துங்கள். காற்று போகும் பக்கம் திரும்பினால் பின்பக்கம் எடை மிகுதி. கேனை முன்னே தள்ளுங்கள், அல்லது இன்னொன்றைச் சேருங்கள். இடவலம் மாற்றி மூன்று முறை செய்து, ஒரே விடை கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் நீரில் நீரோட்டமும் சேர்ந்துகொண்டு நம்மை ஏமாற்றும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியில். பின்னிருக்கையில் உட்கார்ந்து, காற்று முதுகைத் தள்ள, மிக நன்றாகத் துடுப்பு போடுகிறேன் என்ற பெருமிதத்தோடு வெகுதூரம் போய்விட்டேன். திரும்ப முயன்றபோது அணியம் எதிர்க்காற்றில் நிமிர்ந்து நின்றுகொண்டு, நான் எந்தப் பக்கம் வலித்தாலும் என்னைக் கேளாமல் காற்று போகும் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் இருக்கையிலிருந்து இறங்கி நடுவில் மண்டியிட்டுத்தான் கரை சேர்ந்தேன். எழுபது கிலோ உடம்பு முன்னே நகர்ந்ததும் அதே கலம், அதே காற்றில், சொன்னபடி கேட்டது. அதற்குப் பிறகு நான் எப்போதும் முதற்பாதியை எதிர்க்காற்றில்தான் போகிறேன்; களைத்துத் திரும்பும் பாதியில் காற்று துணைக்கு வரட்டும்.

காற்றின் அளவை அறிய நீர்ப்பரப்பே போதும். சிற்றலைகள் உடையாமல் இருந்தால் காற்று மணிக்கு 11 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கங்கே வெண்ணுரை தலைகாட்டத் தொடங்கினால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். புதியவர் இருவர் கயாக்கைத் தனியே எடுத்துச் செல்வதற்கு வெண்ணுரை எல்லைக்கோடு. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் வெயில் ஏறியபின் கடற்காற்று எழும். தென்மேற்குப் பருவ மாதங்களில் காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மேல்காற்று வீசும். கரையில் நிற்பவருக்கு, முதுகுப் பக்கமிருந்து வரும் அந்தக் காற்று அமைதியாகவே தோன்றும், நீரும் கண்ணாடி போல் இருக்கும். ஆனால் முகத்துவாரத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுவதும் அதுதான். அத்தகைய காலைகளில் முகத்துவாரத்தின் பக்கமே போக வேண்டாம்.

துடுப்பும் உடலும்

நடுவில் உட்காரும்போது கலத்தின் மிக அகன்ற இடத்தில் இருக்கிறோம். ஒற்றையாள் கயாக்குக்கு வாங்கிய 220 சென்டிமீட்டர் துடுப்பு இங்கே குட்டையாகிவிடும். விரல்முட்டிகள் விளிம்பில் உரசும், நீரை எட்டுவதற்காக உடலைச் சாய்க்க வேண்டியிருக்கும், அந்தச் சாய்வே இடவல ஆட்டத்தை உண்டாக்கும். 240 சென்டிமீட்டர் அளவிலான துடுப்பு பொருத்தமானது. துடுப்பின் அகன்ற முனையான அலகைப் பாதங்களுக்கு அருகே நட்டு, இடுப்புக்கு நேராக வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கும் பின்னால் இழுப்பது கலத்தைத் திருப்புமே ஒழிய முன்னே செலுத்தாது.

திருப்புவதற்கு, துடுப்பை அணியத்தின் அருகிலிருந்து அமரம் வரை அரைவட்டமாக வீசி வலிப்பது அடிப்படை. நடுவில் உட்கார்ந்தவருக்கு இரு முனைகளும் ஒரே தொலைவில் இருப்பதால் இவ்வீச்சு முழுப்பயன் தரும். பின்னிருக்கையில் இருப்பவருக்கு அணியம் எட்டாது; அவர் அமரத்தின் பக்கத்தில் துடுப்பைப் பின்புறமிருந்து முன்னோக்கித் தள்ளித் திருப்ப வேண்டியிருக்கும். அது வலுவான திருத்தம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் வேகத்தைத் தின்றுவிடும்.

இடவலச் சமநிலைக்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. இடுப்பைத் தளர்த்திக் கலத்தோடு ஆடவிட்டு, தலையை மட்டும் நடுக்கோட்டுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கவிழ்தல்கள் தலையில்தான் தொடங்குகின்றன: பின்னால் கிடக்கும் பையை எடுக்கத் திரும்புகிறோம், தண்ணீரில் விழுந்த தொப்பியை எட்டுகிறோம், தலை விளிம்பைத் தாண்டுகிறது, உடல் அதைப் பின்தொடர்கிறது. இருவராக இருக்கும்போது மற்றவர் தன்னையறியாமலேயே மறுபக்கம் சாய்ந்து ஈடுகட்டிவிடுவார். தனியாளுக்கு அந்த உதவி இல்லை. எடுக்க வேண்டியவற்றை எல்லாம் முழங்கால்களுக்கு இடையே வைத்துக்கொண்டால் திரும்ப வேண்டிய தேவையே எழாது. கலம் சாயும்போது துடுப்பின் அலகை நீர்ப்பரப்பின் மேல் தட்டையாக அழுத்தி நிமிர்ந்துகொள்ளும் பழக்கத்தையும் ஆழமற்ற இடத்தில் இருபக்கமும் செய்து பாருங்கள்.

கவிழ்ந்தால் ஏறுதல்

இதைப் படிப்பது போதாது; முதல் பயணத்துக்கு முன் மார்பளவு நீரில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, லைஃப் ஜாக்கெட் அணிந்து செய்து பார்த்தே ஆகவேண்டும். காற்றடைக்கும் வகையல்லாத இருவர் கயாக் பெரும்பாலும் 25 கிலோவுக்கு மேல் இருக்கும். தலைகீழாகக் கிடக்கும் அதைப் புரட்டுவதே முதற்போராட்டம். அடிப்புறத்தின் மேல் வயிறு படுமாறு ஏறி, எதிர்விளிம்பையோ அங்கே முன்கூட்டியே கட்டிவைத்த குட்டைக் கயிற்றையோ பிடித்து, முழங்கால்களை இப்பக்க விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் கலம் உங்களை நோக்கிப் புரளும். பின்னர் நடுப்பகுதிக்கு வந்து, கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்து உயர்த்தி, குறுக்கே வயிற்றில் படுங்கள். உருண்டு இருக்கையில் பிட்டத்தை வையுங்கள். கால்களைக் கடைசியாக உள்ளே இழுங்கள். எழுந்து உட்கார அவசரப்படுபவர்தான் மறுபக்கம் விழுவார். துடுப்பைக் கலத்தோடு இணைக்கும் குட்டைச் சுருள்வார் இருந்தால், ஏறியபின் துடுப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்காது. தனியே மூன்று முறை தொடர்ந்து ஏற முடியாதவர், எழுந்து நின்றால் தரை தட்டும் நீரைத் தாண்டிப் போக வேண்டாம். விசில் ஒன்றை ஜாக்கெட்டில் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

கரை சேர்தல்

முன்னால் சுமை கட்டிய கலம் கரையை நேராக முட்டினால் அணியம் மணலில் ஊன்றிக்கொள்ளும். அமரம் மட்டும் மிதந்துகொண்டிருக்க, அந்த நிலையில் எழுந்து நிற்பவரைக் கலம் பக்கவாட்டில் உதறிவிடும். ஆகவே முழங்கால் ஆழம் வந்ததும் நிறுத்தி, இரு கால்களையும் இரு பக்கமும் தொங்கவிட்டுத் தரையில் ஊன்றி, அதன்பின் எழுந்திருங்கள். அலை உடையும் கடற்கரையில் இருவர் கயாக்கைத் தனியே கரையேற்றும் வேலையைப் புதியவர் முதல் பருவத்தில் மேற்கொள்ள வேண்டாம்.

இறங்கியவுடன் முதல் வேலையாக, கலம் மிதந்துகொண்டிருக்கும்போதே கேன்களைத் திறந்து கவிழ்த்துவிடுங்கள். நாற்பது கிலோவோடு கயாக்கை மணலில் இழுத்தால் அடிப்பாகமும் முதுகும் ஒருசேரத் தேயும். உப்புநீர் மொண்ட கேன்களையும் பட்டைக் கொக்கிகளையும் நன்னீரில் அலசி நிழலில் காயவையுங்கள். அன்று குமிழ் நின்ற இடத்தையும் கேன் இருந்த இடத்தையும் நிரந்தர மையால் கலத்தின் மேலேயே குறித்துவிட்டால், அடுத்தமுறை இந்தக் கணக்கையெல்லாம் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.